தேய்மானம் யார் கணக்கில்?

பாளையங்கோட்டையில் நான் அடிக்கடி போய் உட்காரும் பட்டறை ஒன்று உண்டு. போன மாதம் அங்கே ஒரு வெள்ளை எண்டெவர், முன்சக்கரங்கள் இரண்டும் கழற்றப்பட்டு ஜாக்கியில் நின்றது. எஸ்டிமேட் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, 'அண்ணாச்சி, இந்தக் காசுக்குப் பழைய ஆல்டோ ஒண்ணு வாங்கிரலாம் போலிருக்கே' என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: 'வாங்குறது ஒருநாப் பாடு தம்பி. வச்சிக் காப்பாத்துறது தெனப் பாடு. லீசுக்கு எடுத்திருந்தாருன்னா இவருக்குத் தலவலி இல்ல. தலவலி வேற ஆளுக்கு.'

அந்தக் கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. சொந்தமா, லீசா, எது மலிவு என்று கேட்பவர்களுக்கு ஏராளமான கணக்குகள் கிடைக்கின்றன. தலைவலி ஆள் மாறுகிறது என்பதை அந்தக் கணக்குகள் சொல்வதில்லை. உடைமை பற்றிய சொல்லாடலில் பராமரிப்பு எப்போதும் விளிம்பில் கிடக்கிறது. அதை நடுவில் எடுத்து வைத்துப் பார்க்க விரும்புகிறேன். வண்டிக்கும் தாமிரபரணிக் கரைக்கும் பொதுவான சொல் ஒன்று இருக்கிறது: குத்தகை. அங்கே போய்ச் சேரவேண்டும்.

தமிழ்நாட்டில் வண்டியும் கடனும் சேர்ந்தே வளர்ந்தவை. 1954இல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கிய காலத்தில் நடப்பிலிருந்த முறை ஹயர் பர்ச்சேஸ். தவணை முடியும்வரை வண்டி கம்பெனியுடையது. ஓட்டுவதும் ஒக்கிடுவதும் எடுத்தவர் பாடு. இந்தியாவின் முதல் லீசிங் நிறுவனமும் சென்னையில்தான் 1973இல் தோன்றியது. லீஸில் மாதவாடகை கட்டி அனுபவிக்கலாம். காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பவேண்டும். பராமரிப்பு சேர்ந்த லீஸ், சேராத லீஸ் என்று இரண்டு வகை இன்று புழக்கத்தில் உள்ளன. சேர்ந்ததில் சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வாடகைக்குள் மறைந்துவிடும். செலவு எங்கும் போய்விடவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

இங்கே சட்டம் செய்யும் வேடிக்கையைக் கவனிக்கவேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2(30)ஆம் பிரிவில் 'உடைமையாளர்' யார் என்று வரையறுக்கிறது. பொதுவாகப் பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர். ஆனால் லீஸ், ஹயர் பர்ச்சேஸ் வண்டி என்றால், ஒப்பந்தப்படி அதைக் கைவசம் வைத்திருப்பவரே உடைமையாளர். விபத்து நடந்தால் பொறுப்பு அவர் தலையில். வருமானவரிக்கு வந்தால் கதை திரும்பிவிடுகிறது. லீசுக்கு எடுத்தவர் பெயரில் வண்டி பதிவாகியிருந்தாலும் லீசிங் நிறுவனமே உடைமையாளர், தேய்மானச் சலுகை அதற்கே என்று 2013இல் ஐ.சி.டி.எஸ். வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஒரே வண்டிக்கு இரண்டு உடைமையாளர்கள்! இடி விழும்போது ஒருவர், வரி குறையும்போது இன்னொருவர். உடைமை என்பது பொருளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது சுமையை யார்மீது இறக்கிவைப்பது என்ற ஏற்பாடு என்பதை இந்த இரண்டு வரையறைகளும் காட்டிக்கொடுக்கின்றன.

சுமை எவ்வளவு? பெரிய எஸ்.யூ.வி. இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும். டயரும் பிரேக் பேடும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் அந்தக் கனத்தைத் தாங்கித் தாங்கியே தேய்கின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று சேர்ந்தது. நெடுஞ்சாலையில் சூடேற ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஜங்ஷனுக்கும் டவுனுக்குமாக கௌரவத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தால் அடைத்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸ் கணக்கில் வண்டியின் மதிப்பு முதல் ஆறு மாதத்திலேயே 5 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடும் குறைக்கப்படுகிறது. சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிப்பணம்தான் கிடைக்கும். மீதி நம் கையைவிட்டு. வரியோ, 2017இல் ஜி.எஸ்.டி.யும் மேல்வரியுமாக 50 விழுக்காடு வரை போனது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு. ஆனால் தொழில் நடத்துகிறவர் சொந்த வண்டி என்றால் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் என்றும், லீஸ் என்றால் வாடகையைத் தொழிற்செலவு என்றும் வருமானவரிக் கணக்கில் எழுதலாம். சொகுசின் தேய்மானத்தில் ஒரு பங்கு இப்படிப் பொதுக் கஜானாவுக்கு வந்து சேர்கிறது. பஸ்சில் போகிறவனும் அந்த வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறான்.

தேய்மானத்தில் வகை உண்டு என்பதை 'மூலதனம்' முதல் தொகுதியிலேயே (1867) மார்க்ஸ் பேசிவிட்டார். எந்திரம் ஓடினாலும் தேயும், ஓடாமல் கிடந்தாலும் துருப்பிடிக்கும். புதிய எந்திரம் வந்துவிட்டால் பழையது நன்றாக இருந்தாலும் மதிப்பிழக்கும். இந்த மூன்றாவது தேய்மானத்துக்குப் பட்டறையில் மருந்து கிடையாது. எண்டெவரின் கதை இதுதான். மறைமலைநகரில் உருவான வண்டி அது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை 2022இல் ஓய்ந்தது. சர்வீசும் உதிரிபாகங்களும் தொடரும் என்றார்கள். இருந்தாலும் ரீசேல் மதிப்பு பற்றிய கவலை வண்டிக்காரர்களைப் பிடித்துக்கொண்டது. லீசுக்கு எடுத்தவன் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தப்பலாம். ஆலைத் தொழிலாளி யாரிடம் எதைத் திருப்புவது? 2022இல் அவர்கள் நியாயமான இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்யவேண்டியிருந்தது.

இனிக் குத்தகைக்கு வருகிறேன். நம் வயற்காட்டில் வாரமும் உண்டு, குத்தகையும் உண்டு. வாரத்தில் விளைந்ததில் பங்கு. பொய்த்தால் இருவருக்கும் பொய்த்தது. குத்தகையில் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியதை அளக்கவேண்டும். வண்டி லீஸ் சுத்தமான குத்தகை. ஷெட்டில் நின்றாலும் வாடகை ஓடும். பராமரிப்பு யார் கடமை என்ற சண்டையும் ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. கால்வாய் வெட்டுவதும் கரை கட்டுவதும் குடிமராமத்து என்ற பெயரில் ஊராரின் கடமையாக இருந்தது. 1858இல் கம்பெனி ஆட்சி அதையே கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. தண்ணீர்த் தீர்வை சர்க்காருக்கு, மண்வெட்டி குடியானவனுக்கு.

எல்லாக் குத்தகைக்கும் மேலான குத்தகை மலையில் இருக்கிறது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்கு வந்தபின்னும் குத்தகை நீடித்தது. கெடு 2028. மாஞ்சோலைத் தொழிலாளர் கோரிக்கைகளுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர், போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் பிணமானார்கள். கெடு நெருங்க, 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளரை அனுப்பத் தொடங்கியது. தோட்டத்தை அரசே ஏற்று நடத்த உத்தரவிடவேண்டும் என்ற கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. காடு காடாகத் திரும்பவேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கார் லீஸில் ஒரு ஷரத்து உண்டு: இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓடினால், வழக்கமான தேய்மானத்துக்கு மேல் கீறல் இருந்தால், எடுத்தவர் பணம் கட்டவேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த விரல்களுக்கு அப்படி ஒரு ஷரத்து எழுதப்படவில்லை. மனிதரைப் பம்பரோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். பம்பர் அளவுக்காவது எண்ணப்பட்டிருந்தால் இந்த ஒப்பீடே தேவைப்பட்டிருக்காது.

எண்டெவரை எடுத்துப்போக அதன் டிரைவர் வந்திருந்தார். இடுப்பில் பெல்ட். எஸ்டிமேட் தாளைக் காட்டி, 'பெரிய செலவுதான் போல' என்றேன். 'வண்டிக்கு புஷ் மாத்தியாச்சு சார். நமக்கு எவன் மாத்துவான்?' என்று சொல்லிவிட்டு சாவியை வாங்கிக்கொண்டார். அவர் சம்பளம் சொந்த வண்டிக் கணக்கிலும் உண்டு, லீஸ் கணக்கிலும் உண்டு. இடுப்பு இரண்டிலும் இல்லை. சொந்தமா லீசா என்று இனி யாராவது யோசனை கேட்டால், திருப்பிக் கொடுக்கும் ஷரத்தை முதலில் படிக்கச் சொல்லப்போகிறேன். தேய்ந்தவர்களில் யார் பெயர் அதில் இல்லை என்று பார்ப்பதற்கு.