ஒளிக் குறைவில் வெளிப்படும் புறக்கோள்கள்: கடப்பு முறையும் இந்தியக் கண்டறிதல்களும்

சூரியனைத் தவிர்த்த பிற நட்சத்திரங்களைச் சுற்றிவரும் கோள்கள் புறக்கோள்கள் எனப்படுகின்றன. தாய் நட்சத்திரத்தின் பேரொளியில் இவை மறைந்துவிடுவதால், பெரும்பாலானவற்றை நேரடியாகப் படம்பிடிக்க இயலாது. எனவே, நட்சத்திர ஒளியின் மாற்றங்களை அளந்து கோள்களைக் கண்டறியும் ‘கடப்பு முறை’ பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.

நமது பார்வைக் கோட்டில் நட்சத்திரத்தின் முன்பாகக் கோள் கடக்கும்போது, நட்சத்திரத்தின் ஒளி சிறிதளவு குறைகிறது. சூரியனை வியாழன் கடப்பதைத் தொலைவிலிருந்து நோக்கினால் ஒளி சுமார் 1 சதவீதம் குறையும். பூமி கடந்தால் அக்குறைவு 0.01 சதவீதத்தையும் எட்டாது. ஒளிக் குறைவின் அளவு கோளின் விட்டத்தையும், அது மீண்டும் நிகழும் இடைவெளி சுற்றுக்காலத்தையும் புலப்படுத்துகின்றன.

எச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தை அதன் கோள் கடப்பது 1999-ம் ஆண்டு முதன்முறையாகப் பதிவு செய்யப்பட்டது. 2009-ல் நாசா விண்ணில் செலுத்திய கெப்ளர் தொலைநோக்கி, இம்முறையில் 2,600-க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிந்தது. 2018-ல் செலுத்தப்பட்ட டெஸ் விண்கலம் அப்பணியைத் தொடர்கிறது.

எனினும், ஒளிக் குறைவு மட்டுமே போதிய சான்றாகாது. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரங்களும் கோள் போன்ற தோற்றத்தை ஏற்படுத்தக்கூடும். ஆகவே, கோளின் ஈர்ப்பால் நட்சத்திரம் அசைவதை நிறமாலையில் அளந்து, கோளின் நிறையைக் கணக்கிட்ட பின்னரே பல கண்டறிதல்கள் உறுதி செய்யப்படுகின்றன.

இப்பணியில் அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் ஈடுபட்டுள்ளது. ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கியுடன் இணைந்த ‘பாரஸ்’ நிறமாலைமானி மூலம், சுமார் 600 ஒளியாண்டு தொலைவில் உள்ள கோள் ஒன்றை அதன் விஞ்ஞானிகள் 2018-ல் உறுதிப்படுத்தினர். அக்கோள் தனது நட்சத்திரத்தைச் சுமார் 19.5 நாட்களில் சுற்றிவருகிறது. கெப்ளரின் ஒளி அளவீடு அதன் ஆரம் பூமியைப் போல் சுமார் 6 மடங்கு எனவும், பாரஸ் அதன் நிறை சுமார் 27 மடங்கு எனவும் காட்டின. இவ்விரண்டையும் இணைத்தால், அதன் அடர்த்தி பூமியின் அடர்த்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே என்பது தெளிவாகிறது.

இதற்கு மாறாக, 2.5 மீட்டர் தொலைநோக்கியுடன் இணைந்த ‘பாரஸ்-2’ மூலம் 2024-ல் அறிவிக்கப்பட்ட டிஓஐ-6651பி, பூமியைப் போல் சுமார் 5 மடங்கு ஆரமும் 60 மடங்கு நிறையும் கொண்டது. அளவில் நெருங்கிய இரு கோள்கள் உள்ளமைப்பில் வேறுபடுவதை, ஒளி அளவீட்டுடன் நிறை அளவீடும் சேரும்போதே அறிய முடிகிறது.