பண்டமாற்றில் மனிதர்கள்: பேஸ்பாலின் ‘சமநிலை’ச் சொல்லாடல் குறித்து

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, தன்னிடம் 12 வருஷம் ஆடிய கர்ட் ஃப்ளட் என்கிற கறுப்பின ஆட்டக்காரரை ஃபிலடெல்ஃபியா அணிக்குத் தள்ளிவிட்டது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமெரிக்க பேஸ்பாலில் இதற்கு ‘டிரேட்’ என்று பெயர். நெல்லைப் போட்டு உப்பு வாங்குகிற மாதிரி, ஆளைக் கொடுத்து ஆளை வாங்கிக்கொள்வது. நான் வாங்கி விற்கிற சொத்தல்ல என்று டிசம்பர் 24 அன்று ஆணையர் போவி கூனுக்கு ஃப்ளட் கடிதம் எழுதினார். 90,000 டாலர் சம்பளம் வாங்குறவனுக்கு என்னய்யா அடிமைத்தனம் என்று கேட்டார்கள். கூலி அதிகமானாலும் அடிமை அடிமைதான் என்றார் அவர்.

அணிக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது ‘ரிசர்வ்’ விதி. 1879இல் அணிக்கு ஐந்து பேர் என்று தொடங்கி, பிறகு எல்லோரையும் கட்டிப்போட்டது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போக முடியாது. பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகமே அல்ல என்று 1922இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, ஏகபோகத் தடைச் சட்டம் அதைத் தொடாது. ஆட்களே சரக்காகக் கைமாறிய இடம் வணிகம் இல்லையாம்!

முதலாளிகள் இதற்குச் சொன்ன நியாயம் ‘சமநிலை’. ஆட்டக்காரர்களை அவிழ்த்துவிட்டால் பணக்கார அணிகளே எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும், ஏழை அணிகள் அழியும் என்றார்கள். சரி, வரலாறு என்ன சொல்கிறது? விதி முழு பலத்தோடு இருந்த 1947 முதல் 1964 வரையிலான 18 ஆண்டுகளில் நியூயார்க் யாங்கீஸ் 15 முறை லீக் பட்டம் வென்றது. விதி உடைந்தபின், 1978 முதல் 1987 வரை பத்து ஆண்டுகளில் பத்து வெவ்வேறு அணிகள் உலகத் தொடரை வென்றன. கட்டிப்போட்ட காலத்தில் இல்லாத சமநிலை அவிழ்த்துவிட்ட பிறகு வந்திருக்கிறது. அப்படியானால் சமநிலை என்ற சொல் யாருக்காக உழைத்தது? கூலியை அமுக்கி வைப்பதற்காகத்தான்.

விதி உடைந்தது ஃப்ளட்டின் வழக்கால் அல்ல. ஜாக்கி ராபின்சன் போன்ற ஓய்வுபெற்றவர்கள் அவருக்காகச் சாட்சி சொன்னார்கள். அன்று ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் வரவில்லை. 1972இல் 5-3 என்று தோற்றார். இந்த விலக்கு முரணானது என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றமே, திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று கைகழுவியது. 1975 டிசம்பரில் ஆன்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி இருவரின் விவகாரத்தில் நடுவர் பீட்டர் சைட்ஸ்தான் விதியை உடைத்தார். உடனே முதலாளிகள் அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள்.

அடுத்த ஆண்டு உடன்பாட்டில் ஆறு வருஷம் ஆடியவருக்கே விடுதலை என்றானது. சங்கத் தலைவர் மார்வின் மில்லரும் இதற்குச் சம்மதித்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் கூலி விழும் என்பது அவர் கணக்கு. சாமர்த்தியமான கணக்குதான். ஆனால் அதன் விலையை இளம் ஆட்டக்காரர்கள் கொடுத்தார்கள்.

2002இல் ஓக்லாந்து அணி சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலோடும், யாங்கீஸ் சுமார் 12.5 கோடியோடும், ஆளுக்கு 103 ஆட்டங்கள் வென்றன. மேலாளர் பில்லி பீனின் மூளையைக் கொண்டாடி 2003இல் புத்தகமும் வந்தது. மூளை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அணியைத் தூக்கிநிறுத்திய ஜிட்டோ, ஹட்சன், மல்டர் என்ற மூன்று பந்துவீச்சாளர்களும் ஆறு வருஷக் கெடுவுக்குள் இருந்தவர்கள். சந்தைவிலை கேட்க முடியாதவர்கள். கெடு முடிவதற்குள் ஹட்சனும் மல்டரும் 2004 டிசம்பரில் இளம் ஆட்களுக்காகக் கைமாற்றப்பட்டார்கள். ஏழை அணியின் ‘புத்திசாலித்தனம்’ என்று நாம் வாசிப்பது, பாதி அவிழ்த்த கயிற்றின் மீதிப் பாதியை.

பத்து வருஷம் ஆடி, கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவர் கைமாற்றத்தை மறுக்கலாம் என்று 1973இல் ஒரு உரிமை வந்தது. ஃப்ளட்டுக்கு அது அன்றே இருந்திருந்தால் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். 1971இல் வாஷிங்டனுக்காக 13 ஆட்டங்கள் ஆடிவிட்டு அவர் களத்தைவிட்டுப் போய்விட்டார். 1997இல் இறந்தார். ஆட்டக்காரர்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்தின் பாதுகாப்பைத் தந்த சட்டம் அவர் பெயரோடு 1998இல் வந்தது.