கேப்டன் நாற்காலியும் கடிதம் எழுதிய பெண்களும்

‘ஸ்டார் ட்ரெக்’ தொடரை நான் முழுதாகப் பார்த்தது நாற்பது வயதுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு பாதிப் பாதியாகப் பார்த்ததோடு சரி. எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷன் அதை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒளிபரப்பியது. சூலூரில் எங்கள் வீதியில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. அம்மா ஆறு நாளும் மில்லுக்குப் போய்விடுவதால் வீட்டு வேலை எல்லாம் ஞாயிறன்று குவிந்து கிடக்கும். வாரத் துணி முழுக்க நான் துவைக்க வேண்டும், ஆட்டுக்கல்லில் மாவாட்ட வேண்டும். அண்ணன் குளித்துவிட்டு டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பான். நான் மாவுக் கையோடு ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஓடி வருவேன்.

ஆங்கிலம் புரியாது. ஆனால் விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறையில், காதில் கருவி மாட்டிக்கொண்டு, சிவப்புச் சட்டையில் ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருப்பது புரிந்தது. எங்கள் ஊரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமான இரைச்சலில் தூங்கி எழுந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அண்ணனிடம் கேட்டேன்: “அந்த அக்காதான் ஓட்டுதா?” அவன் சிரித்தான். “அது எக்ஸ்சேஞ்ச்ல போன் எடுக்கற அக்கா மாதிரி. கேப்டன் அவரு.”

சென்ற ஆண்டு எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தத் தொடரைப் பற்றிப் பேசியபோது ஒரு கல்லூரி மாணவி கேட்டாள்: “குட்டைப் பாவாடையில பொண்ணுங்கள நிக்க வெச்ச தொடர நாம ஏங்க்கா பாக்கணும்?” நியாயமான கேள்வி. அந்தத் தொடரின் குறைகளை நானும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதன் வரலாற்றைத் தோண்டினால் திரைக்கு முன்னால் இருப்பதைவிடப் பின்னால் நிறையப் பெண்கள் நிற்கிறார்கள்.

முதலில் லூசில் பால். நகைச்சுவை நடிகையாக உலகம் அறிந்தவர், டெசிலு என்ற ஸ்டூடியோவின் தலைவரும்கூட. செலவு கட்டுப்படியாகாது என்று நிர்வாகக் குழு தயங்கியபோது, தொடரை எடுக்கலாம் என்று நின்றவர் அவர். அவர் பின்வாங்கியிருந்தால் இந்தத் தொடரே இல்லை.

1964 இறுதியில் படமாக்கப்பட்ட முதல் முன்னோட்டக் கதையில் விண்கலத்தின் இரண்டாம் நிலைத் தலைவராக ஒரு பெண் இருந்தார். அமைதியான, அறிவுக்கூர்மையுள்ள அதிகாரி. நடித்தவர் மேஜல் பாரெட். என்பிசி தொலைக்காட்சி அந்த முன்னோட்டத்தை நிராகரித்து இன்னொன்றை எடுக்கச் சொன்னது. இரண்டாவதில் அந்தப் பெண் இல்லை. பெண் தலைமையை நிறுவனம் ஏற்கவில்லை என்றார் தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெர்ரி. அப்படியல்ல, அவர் தன் காதலிக்கு அந்த வேடத்தைக் கொடுத்ததைத்தான் எதிர்த்தார்கள் என்றார்கள் உடன் வேலை செய்த சிலர். எது உண்மையாக இருந்தாலும், ஆண்களுக்கு நடுவே நடந்த அந்த வழக்கில் வேலை பறிபோனது ஒரு பெண்ணுக்கு. மேஜல் பாரெட் பிறகு அதே கலத்துக்குத் திரும்பி வந்தார், நர்ஸாக. கணினியின் குரலும் அவருடையதே. கட்டளையிட்ட பெண், கேட்டதற்குப் பதில் சொல்லும் குரலாகிவிட்டார்.

1966 செப்டம்பர் 8 அன்று தொடர் தொடங்கியது. அதன் கதைகளைச் செதுக்கியவர்களில் முக்கியமானவர் டி. சி. ஃபோன்டானா. முழுப்பெயர் டோரதி கேத்தரின். ராடன்பெர்ரியின் செயலாளராக இருந்து முப்பது வயதுக்குள் கதை ஆசிரியர் பொறுப்புக்கு வந்தவர். பெண் எழுதியது என்று தெரிந்தாலே கதையை ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் பெயரை முதலெழுத்துகளாகச் சுருக்கிக்கொண்டார். பெயரை மறைத்து எழுதிய நம் பெண்களின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மூன்றாம் ஆண்டில் ஜீன் லிசெட் அரோஸ்ட் என்ற நூலகர் யாரும் கேட்காமலேயே கதை எழுதி அனுப்பினார். அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்த அந்த அக்கா நிஷல் நிக்கோல்ஸ். முதல் ஆண்டு முடிந்ததும் விலகிவிட நினைத்திருந்தார். பேச வசனமே கிடைக்கவில்லை என்ற மனக்குறை. அந்தச் சமயத்தில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்ததாகவும், அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம் என்று அவர் சொன்னதால் தங்கிவிட்டதாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் ஆண்டிலேயே தொடர் நின்றுவிடும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது களத்தில் இறங்கியவர் பீஜோ டிரிம்பிள் என்ற ரசிகை. கணவர் ஜானும் கூட நின்றார். வாட்ஸ்அப் இல்லாத காலம். அவர் சொன்ன வழி எளியது: நீங்கள் எழுதுங்கள், இன்னும் பத்துப் பேரை எழுதச் சொல்லுங்கள், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரைப் பிடிக்கட்டும். ஒரே மாதிரி அச்சடித்த கடிதம் வேண்டாம், அவரவர் சொந்தச் சொல்லில் எழுத வேண்டும். கால்டெக் மாணவர்கள் என்பிசி அலுவலகத்துக்கு ஊர்வலமே போனார்கள். நிறுவனத்தின் கணக்குப்படியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். 1968 மார்ச் 1 இரவு, ஒரு பகுதி முடிந்ததும், தொடர் தொடரும் என்று என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவித்தது.

ஆனால் கொடுத்த கையாலேயே பறித்தும் கொண்டது. மூன்றாம் ஆண்டுக்குச் செலவுத் தொகையைக் குறைத்தார்கள். இளைஞர்கள் வீட்டில் இல்லாத வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். ராடன்பெர்ரியும் ஒதுங்கிக்கொண்டார். கதைகள் சரிந்தன. 79 பகுதிகளோடு முடிந்தது.

அந்த 79ஆவது பகுதியைத்தான் நான் அண்மையில் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். 1969 ஜூன் 3 அன்று ஒளிபரப்பானது. விண்கலக் கேப்டன்களின் உலகில் பெண்ணுக்கு இடமில்லை என்று குமுறும் ஒரு விஞ்ஞானி, கேப்டன் கிர்க்கின் உடலுக்குள் புகுந்து நாற்காலியைப் பிடிக்கிறாள். அவளைச் சித்தம் கலங்கியவளாக, கத்துபவளாக, ஆளத் தெரியாதவளாகக் காட்டி வீழ்த்துகிறது கதை. கதைக்கரு ராடன்பெர்ரியுடையது. இந்தத் தொடரைக் காப்பாற்றப் பெண்கள் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுதினார்கள். அது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான். எனக்கு அண்ணனின் சிரிப்பு காதில் கேட்டது. 47 நாள் கழித்து மனிதர்கள் நிலவில் இறங்கினார்கள். இருவரும் ஆண்கள்.

பெண்கள் அதோடு விட்டுவிடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். தொடர் ஓடிக்கொண்டிருந்த 1967இலேயே டெவ்ரா லாங்சம், ஷெர்னா கோமர்ஃபோர்டு என்ற இரு பெண்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ரசிகர் இதழைத் தொடங்கியிருந்தார்கள். நம் ஊர்ச் சிற்றிதழ்கள் போல, கையால் பிரதியெடுத்து அஞ்சலில் போன இதழ். இப்படிப்பட்ட இதழ்கள் பெருகின. தொடர் தராத கதைகளைப் பெண்கள் அவற்றில் தாங்களே எழுதிக்கொண்டார்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர் மாநாடு கூட்டிய குழுவிலும் ஜோன் வின்ஸ்டன், லாங்சம் போன்ற பெண்கள் முன்னணியில் நின்றார்கள். சில நூறு பேரை எதிர்பார்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். 1977இல் நாசாவுக்குப் பெண்களையும் கறுப்பினத்தவரையும் திரட்டும் பணியில் இறங்கினார் நிஷல் நிக்கோல்ஸ். அவரைத் திரையில் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன், 1992இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண்ணானார். தொடரின் வழியில் வந்த ‘வாயேஜர்’ 1995இல் ஒரு பெண்ணைக் கேப்டன் நாற்காலியில் உட்கார வைத்தது.

இந்தியாவில் போர் விமானம் ஓட்டப் பெண்கள் முதன்முதலாகப் பொறுப்பேற்றது 2016 ஜூனில். மூன்று பேர். செய்தி வந்த அன்று அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகமே இல்லை. அவன் சிரித்த ஒரு நொடியை நான் முப்பது வருடம் சுமந்திருக்கிறேன்.

மாணவிக்கு என் பதில் இது: குறையே இல்லாத படைப்புக்காகக் காத்திருந்தால் நமக்குப் பார்க்கவும் படிக்கவும் எதுவும் மிஞ்சாது. கடிதம் எழுதிய பெண்கள் அந்தத் தொடரின் மேல் ஆசை வைத்தார்கள், அதனோடு சண்டையும் போட்டார்கள். குட்டைப் பாவாடையைப் பார்த்து எரிச்சல்படு, கண்ணு. அதை எழுதியும் வை. ஆனால் முழுதாகப் பார்த்துவிட்டு எழுது. என்னை மாதிரி மாவுக் கையோடு நடுவில் எழுந்து ஓடாதே.