ஆயிரத்து முப்பத்து மூன்று பேர்

2024-ஆம் வருஷம் ஏப்ரல் 19-ஆம் தேதி, மக்களவைத் தேர்தலன்று, ஓட்டுப் போடுவதில்லை என்ற தீர்மானத்துடன் காலைக் காப்பியைக் குடித்தேன். தீர்மானத்துக்குக் காரணம் பெரிய அரசியல் தத்துவம் ஒன்றும் இல்லை; எங்கள் தெருக் குழாய்தான். மூன்று தேர்தல்களாக மூன்று கட்சிக்காரர்கள் அந்தக் குழாயின்மேல் சத்தியம் செய்யாத குறையாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். குழாய் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல் வறண்டே நிற்கிறது.

"நீங்கள் போடாவிட்டால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டாள் என் மனைவி. பதில் தோன்றவில்லை. பதினோரு மணிக்கு வரிசையில் போய் நின்றேன்.

ஓட்டுச் சாவடி வரிசையில் நிற்பவனுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. எனக்கு மொடக்குறிச்சி ஞாபகம் வந்தது.

ஈரோட்டுப் பக்கத்துச் சட்டமன்றத் தொகுதி அது. 1996-ஆம் வருஷத் தேர்தலில் அந்த ஒரே ஒரு தொகுதிக்கு 1,033 அபேட்சகர்கள் நின்றார்கள். அச்சுப் பிழை அல்ல. ஆயிரத்து முப்பத்து மூன்று பேர்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன விவசாயிகள், ஜெயிப்பதற்காக அல்ல, தங்கள் பக்கம் யாராவது திரும்பிப் பார்க்கட்டும் என்பதற்காகக் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். சட்டமன்றத்துக்கு அப்போது டிபாசிட் 250 ரூபாய்தான். நான் பள்ளிக்கூடப் பையன். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த என் தகப்பனார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, "ஆயிரம் பேருக்கு வயிறு எரிந்திருக்கிறதடா" என்றார்.

தேர்தல் அதிகாரிகளுக்கு வந்தது சோதனை. அந்தத் தொகுதிக்கு மட்டும் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். இன்னும் காகித ஓட்டுக் காலம் அது. ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க முடிந்தது. புத்தகத்தைப் போட வேண்டுமென்றால் பெட்டியும் பெரிதாக அல்லவா இருக்க வேண்டும்? கண் மங்கிய ஒரு கிழவி அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சின்னத்தைத் தேடி, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதை நினைத்துப் பாருங்கள்!

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். ஆனால் கதை எழுதுகிறவனான எனக்கு ஜெயித்தவரைவிட வேறு 88 பேர்மேல்தான் கண். அந்த 88 அபேட்சகர்களுக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அதாவது, அவர்களுடைய சொந்த ஓட்டுக்கூட! சிலருக்கு வேறு தொகுதியில் ஓட்டு இருந்திருக்கலாம். சிலர் அந்தப் புத்தகத்தில் தங்கள் பெயரையே கண்டுபிடிக்க முடியாமல் திணறியிருக்கலாம். ஆனால் இன்னும் சிலர் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபம் போய் 250 ரூபாய் கட்டியது. மறைவுக்குள் தனியாக நின்றபோது கை பழக்கப்பட்ட சின்னத்தைத் தேடிப் போய்விட்டது.

அதே வருஷம், அன்று ஆந்திரத்தில் இருந்த நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். அங்கே வழக்கு, குடிதண்ணீர். பல்லைக் கறையாக்கி எலும்பை வளைக்கும் புளோரைடு கலந்த தண்ணீர்.

சர்க்கார் உடனே கவனித்தது. தண்ணீரை அல்ல, டிபாசிட்டை! அதே 1996-ல் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயை 5,000 ஆகவும், மக்களவைக்கு 500 ரூபாயை 10,000 ஆகவும் உயர்த்தினார்கள். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. சுயேச்சையாக நிற்க வேண்டுமானால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் விதித்தார்கள். அதிகாரிகள் பட்ட பாட்டைப் பார்த்தால் அதைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. பிற்பாடு அந்தத் தொகைகள் 10,000 ஆகவும் 25,000 ஆகவும் ஏறின. அப்படியும் 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் மஞ்சளுக்கு நியாயமான விலை கேட்ட விவசாயிகள். இருபத்தையாயிரம் ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ஒருவன் தன் கோபத்தைப் பதிவு செய்கிறான் என்றால், அவனிடம் யாரும் வேறு வழியில் பேசவில்லை என்று அர்த்தம்.

பணம் இல்லாத கோபக்காரனுக்கும் ஒரு வழி இருந்தது. யாருக்கும் ஓட்டில்லை என்று சாவடி அதிகாரியிடமே சொல்லி, பதிவேட்டில் எழுதச் செய்து, கையெழுத்துப் போடலாம். ஓட்டுப் போடுகிறவனுக்கு ரகசியம் உண்டு. யாரையும் பிடிக்கவில்லை என்கிறவனுக்கு மட்டும் கிடையாது! 2013 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்ட பிறகுதான் யந்திரத்தில் 'நோட்டா' பொத்தான் வந்தது. அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், மிச்சம் உள்ளவர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர். 2024-ல் இந்தூரில் நோட்டாவுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் விழுந்தது. ஜெயித்தவர் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வாங்கி, பத்திரமாக டில்லிக்குப் போனார்.

என் முறை வந்தது. அட்டை மறைவுக்குப் பின்னால் இரண்டு யந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நோட்டா கடைசியில் இருந்தது. விரல் அதன்மேல் போய் நின்றது. என்ன காரணமோ, அந்த 88 பேரின் ஞாபகம் வந்தது. மறு நிமிஷம் விரல் அங்கே இல்லை. கண்ணாடிக்குள் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு ஏழு விநாடி தெரிந்து, விழுந்து மறைந்தது.

வீட்டுக்கு வந்தால், மனைவி காலிக் குடத்துடன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணீர் லாரி வந்தது. இன்னொரு குடம் தூக்க ஆள் இல்லை. போய்விட்டது" என்றாள்.