சைக்கிளுக்குப் பற்சக்கரம் வந்த வரலாறு

திருப்பூர் இராயபுரத்து மக்களுக்குத் தையல் எந்திரத்தைப் பற்றியும் நூலைப் பற்றியும் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பனியன் கம்பெனிக்குச் செல்ல உதவும் சைக்கிளும் அவ்விரு தொழில்களுக்கும் உறவுடையதே என்பதை எத்தனை பேர் அறிவோம்? மின்கலத்தால் ஓடும் ஒற்றைவேகச் சைக்கிளை வாங்கியவர்கள் இன்று, "பின்புறப் பற்சக்கரத்தை மாற்றலாமா?" என்று கேட்கிறார்கள். அதற்கான விடையும் அந்த உறவின் வரலாற்றிலேயே கிடைக்கிறது.

காலின் நீளமே எல்லை

இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரில் தையல் எந்திரம் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. 1868ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து ஒரு மிதிவண்டி அங்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே கம்பெனி தன் பெயரை மாற்றிக்கொண்டு மிதிவண்டித் தொழிலில் இறங்கியது. அங்கே தையல் எந்திரங்களைச் சீர்திருத்தி வந்த ஜேம்ஸ் ஸ்டார்லி, பின்னர் பெரிய முன்சக்கரம் கொண்ட வண்டியை உருவாக்கிப் புகழ்பெற்றார்.

அவ்வண்டியில் பெடல் முன்சக்கரத்தோடு நேரே பூட்டப்பட்டிருந்தது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான். எனவே வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். ஆனால் கால் எட்ட வேண்டுமே! ஓட்டுபவரின் கால் நீளமே வேகத்துக்கு எல்லையாயிற்று. தடுக்கினால் தலைகுப்புற விழும் ஆபத்தும் இருந்தது.

நூலாலைச் சங்கிலி

இந்தத் தளையை அறுத்தது சங்கிலி. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு என்னும் பொறியாளர், மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் 1879ஆம் ஆண்டில் ஒரு சிறிய பட்டறையை வாங்கினார். நெசவுத்தொழில் எந்திரங்களுக்குச் சங்கிலி செய்து வந்த பட்டறை அது. மறு ஆண்டே அவர் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். 1885ஆம் ஆண்டில் ஸ்டார்லியின் உறவினர் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் பின்சக்கரத்தைச் சுழற்றும் 'ரோவர்' சைக்கிளை வெளியிட்டார். நாம் இன்று ஓட்டும் சைக்கிளின் முன்னோடி அதுவே.

நூற்பாலையில் பணிபுரியும் உறவினர் உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். நூலின் நம்பரை மாற்ற எந்திரத்தையே மாற்றுவதில்லை; பற்களின் எண்ணிக்கை வேறான ஒரு சக்கரத்தை மாற்றிப் பூட்டுவார்கள். சைக்கிளுக்கும் இதே கணக்குத்தான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

26 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிளில் முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். 44ஐ 18ஆல் வகுத்து 26ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 64 வரும். அதாவது, 64 அங்குலப் பெருஞ்சக்கரத்தில் பெடலைப் பூட்டி மிதிப்பதற்கு இது சமம். அவ்வளவு பெரிய சக்கரம் மிக நெட்டையான மனிதருக்கே எட்டும்!

பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5.1 மீட்டர் நகரும். பின்னே 16 பற்கள் வைத்தால் 5.7 மீட்டர் நகரும். ஆனால் இலாபம் இலவசமாக வராது. அதே மேட்டில் ஏற, முன்னிலும் எட்டில் ஒரு பங்கு கூடுதல் விசையுடன் மிதிக்க வேண்டும். வேகத்தைப் பெற்றால் விசையை இழப்போம்.

இந்தச் சங்கடம் பந்தய வீரர்களையும் விடவில்லை. 1937ஆம் ஆண்டு வரை பிரான்சு நாட்டைச் சுற்றும் புகழ்பெற்ற போட்டியில், ஓடும்போதே சங்கிலியை மாற்றும் கருவிக்கு அனுமதி இல்லை. மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, இருபுறமும் பற்சக்கரம் கொண்ட பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டினார்கள்.

மின்பொறி வந்த பின்

சக்கரத்தின் குடத்திலேயே மின்பொறியை அமைக்கும் முறைக்கு அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர் 1895ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இன்றைய மின்சைக்கிள்கள் பலவற்றில் இருப்பதும் இத்தகைய பொறிதான். அது சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுவதால், சங்கிலியின் பற்களை மாற்றினாலும் பொறியின் வேகம் மாறாது. மாறுவது உங்கள் காலின் வேலை மட்டுமே. பெடல் அச்சில் பொறி அமைந்த வண்டியில் அப்படியன்று. அங்கே பொறியின் விசையும் சங்கிலி வழியே செல்வதால் இரண்டும் மாறும்.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பொறி இழுக்கும்போது, 18 பற்களானால் கால் நிமிடத்துக்கு 82 முறை சுழல வேண்டும். 16 பற்களானால் 73 போதும். சமதரையில் செல்பவருக்கு இது நல்ல மாற்றம்.

ஆனால் துணி மூட்டையுடன் மேட்டில் ஏறும்போது மின்கலம் தீர்ந்துவிட்டால்? பொறியின் எடையும் சேர்ந்துகொள்ள, முழங்காலே அந்த எட்டில் ஒரு பங்குக்கு விலை கொடுக்கும். சுமை ஏற்றுபவர்கள் 18 பற்களையே வைத்துக்கொள்வது, அல்லது 20க்கு மாறுவது நலம். பற்களைக் கூட்டினால் சங்கிலியின் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். குறைத்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துத் தொய்வை நீக்க வேண்டும். பொறிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிய பிறகே சக்கரத்தில் கை வைக்க வேண்டும்.

ஆகவே மெக்கானிக்கிடம், "வேகமாகப் போக எது நல்லது?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வழியில் மேடு எவ்வளவு, சுமை எவ்வளவு, ஓட்டுபவர் யார் என்பதையும் சொல்லுங்கள். பெருஞ்சக்கரத்தின் காலத்தில் மனிதனின் கால் வண்டிக்கு அடங்க வேண்டியிருந்தது. வண்டியை மனிதனின் காலுக்கு அடக்கித் தந்ததே பற்சக்கரத்தின் பெருமை. அந்தச் சுதந்திரத்தை அளந்து பயன்படுத்துவோம்.