சிறையுடைப்பிலிருந்து ஒப்பந்தம் வரை: இந்திய–இலங்கை உறவில் மட்டக்களப்பின் இடம்

ரொஹான் குணரத்னவின் ‘இலங்கையில் இந்தியத் தலையீடு’ (1993) வெளிவந்த பிறகு, ஈழ இயக்கங்கள் எல்லை கடந்து இயங்கியதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அந்நூல் போட்ட தடத்திலேயே செல்கின்றன. இந்திய உளவுத்துறை பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது, கிளர்ச்சி பெருத்தது, இரு நாட்டு உறவு கெட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். பயிற்சி நடந்ததை யாரும் மறுக்க முடியாது. நான் மறுப்பது அந்த வாதத்தின் திசையை. அதன்படி பார்த்தால் செயல் முழுவதும் டில்லியுடையது. மட்டக்களப்பு அதன் விளைவைச் சுமந்த இடம் மட்டுமே. மட்டக்களப்பு வாவிக்கரையின் நிகழ்வுகளைத் தேதி வரிசையில் வைத்தால் அப்படித் தெரியவில்லை.

1983 ஜூலை 25, 27 ஆகிய நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். தப்பிப் பிழைத்தவர்கள் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டனர். செப்டெம்பர் 23 இரவு அவர்கள் சிறையை உடைத்து வெளியேறினார்கள். ஈ.பி.ஆர்.எல்.எப்., புளொட் ஆகிய இயக்கங்களின் உறுப்பினர்கள் அதில் முன்னின்றனர். இந்தியப் பயிற்சி அந்த ஆண்டின் பிற்பாதியில் தொடங்கியது என்பதில் சர்ச்சையில்லை. எந்த மாதம் என்பதில் நூல்கள் ஒன்றுபடவில்லை. ஆகஸ்ட் என்றே வைத்துக்கொள்வோம். சிறையில் இருந்தவர்கள் அதற்குப் போயிருக்கவே முடியாது; வெளியிலிருந்து உதவியவர்கள் இருந்தாலும், அவர்கள் ஒரே மாதத்தில் பயிற்சி முடித்துக் கடல் கடந்து திரும்பி இதைச் செய்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. சிலர் முன்பே லெபனானில் பயிற்சி பெற்றிருந்தார்கள்தான். அது டில்லியின் கணக்கில் சேராது.

செயல் முழுவதும் டில்லியுடையதல்ல என்பதையே நிலவமைப்பும் சொல்கிறது. வல்வெட்டித்துறைக்கு எதிரே கோடிக்கரை இருக்கிறது. மட்டக்களப்புக்கு எதிரே வங்கக் கடல்தான். சிறையிலிருந்து தப்பியவர்கள் இங்கிருந்து இந்தியா போக வேண்டுமானால் தரைவழியாக வடக்கே நெடுந்தூரம் போக வேண்டும். அல்லது கரையோரமாகவே படகில் சுற்றிவர வேண்டும். வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் சோறும் மறைவிடமும் தர ஆளில்லாமல் எந்த வழியும் நடந்திராது. இதற்கு எழுத்துச் சான்று குறைவு. ஆனால் இந்த ஆதரவைக் கணக்கில் எடுக்காத விளக்கத்தால் அந்தப் பயணத்தை விளக்கவே முடியாது.

மட்டக்களப்புச் சிறையிலிருந்து தப்பியவர்களில் ஒருவர் டக்ளஸ் தேவானந்தா. 1986 நவம்பர் 1 அன்று சென்னை சூளைமேட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர்வாசி ஒருவர் இறந்தார். அவ்வழக்கில் தேவானந்தா கைதானார். சில நாட்களில் எம்.ஜி.ஆர். அரசின் காவல்துறை தமிழகமெங்கும் இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தது. அதே மாதம் 16, 17 தேதிகளில் பெங்களூரில் சார்க் மாநாடு. இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜயவர்த்தனாவும் அங்கே பேசியவற்றில் கிழக்கு மாகாணத்தை மூன்றாகப் பிரிக்கும் யோசனையும் ஒன்று. ஒரு நிகழ்வு அடுத்ததை உண்டாக்கியது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். மாநாட்டை முன்னிட்டே ஆயுதப் பறிப்பு நடந்தது என்போரின் வாதத்துக்கும் வலு உண்டு. ஆனால் டில்லியின் கை கட்டப்பட்ட இடங்களும் இருந்தன என்பதை இந்த நவம்பர் காட்டுகிறது.

1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் ஆய்வாளர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது இணைப்புக் கடிதங்களை: திருகோணமலைத் துறைமுகம், வெளிநாட்டு வானொலி, அந்நிய இராணுவ ஆலோசகர்கள். நான் நிற்பது 2.3ஆம் பிரிவில். கிழக்கு வடக்கோடு இணைந்திருப்பதா என்பதை 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மக்களே வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஜனாதிபதி விரும்பினால் வாக்கெடுப்பை ஒத்திவைக்கலாம். அடுத்து வரும் பிரிவுகள் இடம்பெயர்ந்தோரின் வாக்குரிமையையும் பிரதம நீதியரசர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவையும் வகுக்கின்றன. அக்குழுவில் கிழக்கின் தமிழ் பேசும் மக்களுக்கு ஓர் இடம். தமிழர் ஊரான ஆரையம்பதியும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியும், முஸ்லிம் ஊரான ஏறாவூரும் தமிழர் ஊரான செங்கலடியும் அந்த ஓர் இடத்தைப் பகிர வேண்டும். முஸ்லிம்களிடம் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இரு நாடுகள் செய்த உடன்படிக்கை ஒரு மாகாணத்தின் வாக்குப்பெட்டிவரை இறங்கிவந்தது ஏன்? உளவுத்துறையின் நலன் மட்டும் இதை விளக்காது. கிழக்கைத் தீர்க்காமல் வடக்கைத் தீர்க்க முடியாது என்ற நிலையை உருவாக்கியதில் கிழக்கின் கிளர்ச்சிக்கும் பங்கு உண்டு என்பதே என் வாதம்.

ஒத்திவைக்கும் அதிகாரம் மீண்டும் மீண்டும் பயன்பட்டது. 1988 செப்டெம்பரில் பிரகடனமான வடக்கு–கிழக்கு இணைப்பு செல்லாது என 2006 அக்டோபர் 16 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 மே 10 அன்று கிழக்கு மக்கள் தனி மாகாண சபைக்கு வாக்களித்தார்கள்; ஆனால் 2.3ஆம் பிரிவின் கேள்வி அவர்களிடம் ஒருமுறைகூடக் கேட்கப்படவில்லை.