எந்தச் சில்லையும் சுற்றாத என்ஜின்

கார் என்றால் என்ன? 1963இல் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்திடம் இதற்கு ஒரு வரைவிலக்கணம் இருந்தது. நான்கு சில்லுகள் வேண்டும். அவற்றில் இரண்டையாவது என்ஜின் சுற்ற வேண்டும்.

அந்த வருடம் ஓகஸ்ட் 5ஆம் திகதி, அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் 26 வயதான கிரெய்க் பிரீட்லவ் மணிக்கு 655 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினார். சில்லுகளில் ஓடும் வாகனத்தில் தரையில் அதுவரை யாரும் எட்டாத வேகம். ஆனால் அவருடைய வாகனத்துக்கு மூன்று சில்லுகள்தான். அதில் பூட்டியிருந்தது சேபர் போர் விமானத்தில் பாவிக்கப்பட்ட ஜெட் என்ஜின். அது எந்தச் சில்லையும் சுற்றவில்லை. "இது கார் இல்லை" என்று சம்மேளனம் மறுத்துவிட்டது. சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனமோ அதை மூன்று சில்லு மோட்டார் சைக்கிளாக ஏற்றுக்கொண்டது!

சில்லைச் சுற்றாமல் எப்படி ஓடியது?

ஜெட் என்ஜின் முன்பக்கத்தால் காற்றை இழுத்து அழுத்தும். அதில் எரிபொருளைத் தெளித்து எரிக்கும். விரியும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றும். டர்பைன் காற்றை அழுத்தும் பகுதியைச் சுழற்றும். மிச்சச் சக்தியோடு வாயு பின்னால் சீறிப் பாயும். அந்த வாயு வெளிக்காற்றில் மோதித் தள்ளுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. என்ஜின் வாயுவைப் பின்னே தள்ளுகிறது, வாயு என்ஜினை முன்னே தள்ளுகிறது. நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான்.

சாதாரண காரில் டயர் தரையைப் பிடித்துத் தள்ள வேண்டும். பிடி விட்டால் சில்லு சும்மா சுழலும். ஜெட் காருக்கு அந்தக் கவலை இல்லை. சில்லுகள் வாகனத்தைச் சுமந்தால் போதும்.

டர்பைன் இருப்பதெல்லாம் இந்த வகையல்ல. 1964 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் ஐர் ஏரியில் டொனால்ட் கம்பெல் 648 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிய 'புளூபேர்ட்'டில் டர்பைன் நான்கு சில்லுகளையும் சுற்றியது.

ஓடுவதைவிட நிற்பதுதான் பெரும்பாடு. 1964 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரீட்லவ் 847 கிலோமீற்றரை எட்டினார். வேகத்தைக் குறைக்கும் பரசூட்கள் கைவிட்டன. தொலைபேசிக் கம்பத்தை முறித்துக்கொண்டு போன வாகனம் உப்புநீர்க் குளத்தில் விழுந்தது. அவர் நீந்திக் கரையேறினார்.

பிறகு சம்மேளனமும் விதியை மாற்றி ஜெட் கார்களை ஏற்றுக்கொண்டது. அந்த விபத்து நடந்து சரியாக 33 வருடங்களின் பின், 1997 ஒக்டோபர் 15ஆம் திகதி, நெவாடாவின் பிளாக் ரொக் பாலைவனத்தில் பிரித்தானிய விமானப்படை விமானி அன்டி கிரீன் 'திரஸ்ட் எஸ்.எஸ்.சி'யில் 1,227 கிலோமீற்றரைத் தாண்டினார். இரண்டு ரோல்ஸ் ரொய்ஸ் ஜெட் என்ஜின்கள். டயரே இல்லாத அலுமினியச் சில்லுகள். தரையில் ஒலியின் வேகத்தை மிஞ்சிய முதல் சாதனை அது. இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

வரைவிலக்கணத்துக்குள் அடங்கவில்லை என்று ஒதுக்கப்பட்ட வழியில்தான் அந்தச் சாதனை வந்தது. இன்று இரவு உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: ஜெட் காரின் என்ஜின் எந்தச் சில்லைச் சுற்றும்? அவர்கள் சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்கள்.